தொண்ணூற்றாறு அடித் திமிங்கலம்

1971 நவம்பர் 18, போர்ட் லூயி துறைமுகம்

தூத்துக்குடி கஸ்பார் வாஸ் ஆகிய நான், ஐம்பத்திரண்டு வயதையும் ஏழு கடல்களையும் கடந்து, எட்டாவது கடல் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடி வருபவன், இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். சரித்திர ஆசிரியர்கள் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.

இந்தக் கனத்த நோட்டைக் கொடுத்தவள் என் அக்கா மகள் ஜெசிந்தா. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் சொன்ன கடல் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். வளர்ந்ததும் அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, "மாமா, நீங்க சொன்ன புயலையெல்லாம் சேர்த்தா வருஷத்துக்கு நானூத்திப் பன்னண்டு நாள் வருது" என்று சொன்ன பாவி. ரயில் ஏற்றிவிட வந்தபோது, நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாக ஒரு கோடு கிழித்து வைத்திருந்தாள்.

"நடுவுல என்ன வேணும்னாலும் அளந்து விடுங்க மாமா. கோட்டுக்கு இந்தப் பக்கம், ஓரத்துல, உண்மை மட்டுந்தான். திரும்பி வந்ததும் நான் வாசிப்பேன். ஓரத்துல பொய் இருந்துச்சு, செவப்புப் பென்சிலால கோடு போட்டுருவேன்."

"மாமன் மேல அவ்வளவு சந்தேகமா பிள்ள?"

"சந்தேகமெல்லாம் இல்ல மாமா. நிச்சயம்."

ஓரத்தில்: ரயில் கிளம்பியபோது கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டதாக அவளிடம் சொன்னேன். விழவில்லை.

நவம்பர் 21

கப்பலின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எங்கும் எழுதமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆகவே இவளை மகாராணி என்று அழைப்பேன். மகாராணியின் கொடி ஒரு நாட்டுடையது, முதலாளி இன்னொரு நாட்டுக்காரர், கேப்டன் மூன்றாவது நாட்டுக்காரர். நோவா தன் பேழையைக் கட்டுமுன் ஒத்திகை பார்த்த கப்பல் இதுதான் என்று நினைக்கிறேன். முன்னாலிருந்து பின்னால் வரை நடந்தால் வழியில் இரண்டு வேளை சாப்பிட வேண்டும்.

தொழில், திமிங்கல வேட்டை. மூன்று சின்ன வேட்டைக் கப்பல்கள் முன்னே ஓடிச் சுட்டு இழுத்து வரும். மகாராணி பின்புற வாயைத் திறந்து அதை மேல்தளத்துக்கு இழுப்பாள். அங்கே அறுத்து, அடித்தளத்துக் கொப்பரைகளில் உருக்கி எண்ணெயாக்குவார்கள். நான் ஸ்டோர்கீப்பர். கயிறு, கத்தி, சோப்பு, ஊறுகாய் ஆகிய நாற்பெரும் ராஜ்ஜியங்களுக்கு அதிபதி.

தமிழ் பேச ஒரே ஓர் ஆள்தான். சமையல்காரர் மொகுதூம், காயல்பட்டினம். நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பேசுவார். அந்த ஒன்று என் பத்தையும் படுக்க வைத்துவிடும்.

கேப்டனுக்குச் செந்நிறத் தாடி. ஏறியதும் என் கடல் புத்தகத்தை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார். முப்பது வருஷமாக நான் ஏறி இறங்கிய கப்பல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு கேப்டனும் 'நன்னடத்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரே ஒரு கேப்டன் கெட்டதாக எழுதிவிட்டால் போதும், பிறகு உலகத்தில் எந்தக் கப்பலும் என்னை ஏற்றாது. கடலில் நான் கஸ்பார் வாஸ். கரையில் வெறும் தொந்தி.

ஓரத்தில்: கரையில் எனக்கு என்ன வேலை தெரியும் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

டிசம்பர் 5

முதல் திமிங்கலம். பல் உள்ள, பெருந்தலை ஜாதி. தலை மட்டுமே எங்கள் பனிமயமாதா கோயில் அளவு. தளத்தில் இழுத்துப் போட்டபோது மகாராணி முழங்காலிட்டாள். நாற்றத்தைப் பற்றி என்ன எழுத? நிலாவில் இறங்கியவர்கள் மூக்கைப் பிடித்திருப்பார்கள்.

சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. உலக நாடுகள் பல கூடி உட்கார்ந்து எழுதிய திமிங்கல வேட்டை விதிகள். இந்த ஜாதியில் முப்பத்தெட்டு அடிக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது. பால்குடிக் குட்டியையும், குட்டியோடு திரியும் தாயையும் தொடவே கூடாது. அளந்து, பதிவேட்டில் எழுதி, பயண முடிவில் நகல் அனுப்ப வேண்டும். அந்தக் காகிதத்தின் மேல்தான் எங்கள் ஆட்கள் கை துடைக்கிறார்கள்.

ஓரத்தில்: நாற்பத்தொரு அடி. வானொலியில் நம் நாட்டில் யுத்தம் என்று கேட்டோம். மொகுதூம் இரண்டு தரம் சோற்றுக்கு உப்புப் போட்டார்.

டிசம்பர் 9

விதி என்னை அழைத்தது. பதிவேடு எழுதும் குமாஸ்தா கொழுப்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். கப்பலில் அழகாக எழுதத் தெரிந்தவர் யார் என்று தேடினார்கள். நான் ஸ்டோர் சீட்டில் 'ஊறுகாய், இரண்டு பீப்பாய்' என்று எழுதியிருந்ததைக் கேப்டன் பார்த்திருக்கிறார். மயங்கிவிட்டார். கன்னியாஸ்திரீகள் பிரம்பால் வளர்த்த கையெழுத்து. இன்று அலை சுவரேறிக் குதித்தபோதும் ஒரு பொட்டு மை சிந்தாமல் எழுதினேன். பூமி சுற்றுவதை நிறுத்தினாலும் என் கை ஆடாது.

வேலை எளிது. மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நாடா பிடித்து ஒருவன் அளவைக் கத்துவான். நான் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பல்லைப் பிடுங்கி, எண் எழுதிய சீட்டைக் கட்டி, என் ஸ்டோரில் ஒரு சாக்கில் போட வேண்டும். வயது பார்க்கும் விஞ்ஞானிகள் கேட்பார்களாம்.

நாடா பிடித்தவன், "முப்பத்தாறு!" என்று கத்தினான்.

கேப்டன் என் தோளில் கை வைத்தார். "மிஸ்டர் வாஸ், குளிரில் நாடா சுருங்கும். முப்பத்தெட்டுக்குக் குறைவாக உங்கள் காதில் விழுந்தால், முப்பத்தெட்டு என்று எழுதுங்கள்."

ஓரத்தில்: 36. எழுதியது 38. நாடா உலோகம். வெயில் அடித்தது.

டிசம்பர் 13

பழைய குமாஸ்தாவின் பக்கங்களைப் புரட்டினேன். மனம் கொதித்துவிட்டது. முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு! நாலே நாளில் ஒரு கூட்டமே சிக்கியிருந்தது; ஒரே தட்டில் வார்த்த இட்லி மாதிரி நாற்பத்தொரு திமிங்கலங்கள், நான் அளவு கேட்ட முதலாவது உட்பட. பொய் சொல்வது தவறா சரியா என்று பாதிரியார்கள் பார்த்துக்கொள்ளட்டும். சோம்பேறித்தனமாகப் பொய் சொல்வதை என் போன்ற கலைஞனால் பொறுக்க முடியாது.

இன்று முதல் என் ஆட்சி. முப்பத்தெட்டரை, முப்பத்தொன்பதே கால், நாற்பது, நடுவே ஒரு நாற்பத்து மூன்று. ஒன்றுக்கு 'வாலில் பழைய தழும்பு' என்றுகூட எழுதினேன். அந்தத் தழும்பை நானே நம்பிவிட்டேன்.

கேப்டன் வாசித்துப் பார்த்து, "மிஸ்டர் வாஸ், நீங்கள் இத்தனை வருஷம் ஊறுகாய் எண்ணி வீணாய்ப் போனீர்கள்" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் இதை மொகுதூமிடம் சொன்னேன். அவர் அகப்பையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, நீங்க ஊர்ல அளந்து விட்டா நாலு பேரு சிரிப்பாக. இங்க அளந்து விட்டா நாளைக்கு இன்னும் சின்னதா சுட்டுட்டு வருவானுவோ" என்றார்.

பொறாமை.

ஓரத்தில்: 35, 37, 34, 36.

டிசம்பர் 20

ஓரத்தில்: 33, 31, 34, 30.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். மொகுதூம் எனக்காக மாவு பிசைந்து கொழுக்கட்டைக்கும் கேக்குக்கும் நடுவே ஒரு பொருள் செய்தார். தட்டில் வைத்தபோது தட்டு உடைந்தது. தின்றேன். என் வயிற்றில் இப்போது நங்கூரம் இருக்கிறது, இனி எந்தப் புயலும் என்னை அசைக்காது.

கேப்டன் வந்து கை குலுக்கினார். அடுத்த பயணத்தில் நான் தலைமை ஸ்டோர்கீப்பராம். கடல் புத்தகத்தில் 'மிக நன்னடத்தை' என்று எழுதுவாராம். 'மிக' என்ற சொல்லை முப்பது வருஷத்தில் எவனும் எழுதியதில்லை. ஜெசிந்தாவிடம் காட்ட வேண்டும்.

வேட்டைக் கப்பல்காரர்கள் கொண்டுவருவது சின்னதாகிக்கொண்டே போகிறது. என் எழுத்து அழகாகிக்கொண்டே போகிறது.

ஓரத்தில்: 29.

1972 ஜனவரி 8

இன்று எழுத ஒன்றுமில்லை. பருப்புக் குழம்பு. நன்றாக இருந்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 9

ஓரத்தில்: நேற்று எண் 116, தாய், 33. எண் 117, அதன் குட்டி, 19. தளத்தில் வழிந்தது கடல் நுரை என்று நினைத்து மிதித்தேன். பால். 117க்குப் பல் பிடுங்கப் போனேன். இன்னும் முளைக்கவில்லை. சீட்டை மட்டும் சாக்கில் போட்டேன். பதிவேட்டில் 39 என்றும் 38¼ என்றும் எழுதினேன். கால் அடியை நானே சேர்த்தேன்.

ஜனவரி 12

மொகுதூமுக்கு இன்று வாய் திறந்துவிட்டது. உலகம் அழியப் போவதற்கு அறிகுறி.

"நாலு நாளா தட்டுல போட்ட சோறு அப்படியே திரும்பி வருது. எட்டாந் தேதி பருப்புக் கொழம்பை நீங்க தொடவே இல்ல."

"தின்னுட்டு கழுவி வச்சேன் ஓய்."

"சோத்தோடயா கழுவுனீக?"

பேச்சை மாற்ற, நான் பதினெட்டு அடி உயரமுள்ள சுறாவுடன் கிளாக்ஸோ பிஸ்கட்டைப் பங்கு போட்ட கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கதை முடிந்ததும், "அண்ணாச்சி, உங்க பொய்யைக் கேட்டா ஆருக்கும் நம்பிக்கை வராது. அதான் அதுல உள்ள நல்ல குணம். இந்தக் கப்பல்ல மட்டுந்தான் நம்புற மாதிரி சொல்லுறீக" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார்.

வெங்காயம் என் கண்ணையும் எரித்தது. அவ்வளவு காரமான வெங்காயம். பத்து மைல் தொலைவிலிருந்த கடற்பறவைகள்கூட அழுதன.

பிப்ரவரி 2

பனிக்கடல். மலையளவு பனிக்கட்டி ஒன்று மிதந்து வந்து என்னிடம் வழி கேட்டது. சொன்னேன்.

ஓரத்தில்: 32, 28, 35. குளிர் மெய்.

பிப்ரவரி 19

வேட்டை முடிந்தது. திரும்புகிறோம். நான் பேனாவை எடுத்தபின் வந்தவை நூற்று நாற்பத்தொன்று. நடுவில் எழுதாத நாட்களிலும் எண் போட்டுவந்தேன், எல்லாவற்றின் மெய்யளவும் இந்த நோட்டின் ஓரத்தில் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. உலகத்திலேயே பெரிய புளுகனின் மருமகள் கிழித்த கோட்டுக்கு அந்தப் பக்கம்.

மார்ச் 3

பதிவேட்டைச் சுத்தமாக நகலெடுக்கும் திருப்பணி எனக்கு வாய்த்தது. நாலு நகல். ஒன்று கம்பெனிக்கு, ஒன்று கொடி நாட்டுக்கு, ஒன்று எல்லா நாட்டு வேட்டைப் புள்ளிகளையும் சேர்க்கும் சர்வதேச அலுவலகத்துக்கு, ஒன்று கப்பலுக்கு. காலையில் உட்கார்ந்தவன் மாலை தேநீருக்குத்தான் எழுந்தேன். கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. பேனா புதியது. வெளிச்சம் நல்லது.

கேப்டன் முதல் பக்கத்தைப் பார்த்தார். கம்பீரமான தலைப்பு, வளைந்த எழுத்துகள், முதல் ஐந்து பக்கங்களில் பழைய குமாஸ்தாவின் முப்பத்தெட்டுகள். "இதைச் சட்டம் போட்டு மாட்டலாம்" என்றார். காகிதத்தைக் கண்டால் அவருக்குக் கடல் நோய் வரும். நாலிலும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டு, முத்திரையும் வைத்துவிட்டார்.

ஆறாம் பக்கத்திலிருந்து சில எண்கள் சற்றே பெரிதாகிவிட்டன. 62 என்றும், 71 என்றும், 84 என்றும். ஓர் இடத்தில் 96. தொண்ணூற்றாறு அடியில் பெருந்தலைத் திமிங்கலம் ஆதாம் காலத்திலிருந்து எவனும் கண்டதில்லை. என்ன செய்ய? என் சுபாவம் அப்படி. எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

ஓரத்தில்: கை நடுங்கியது. அதனால் எண்கள் மாறிவிட்டன.

மார்ச் 9

கரை. துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஏறினார். நரைத்த தலை, ஆண்பிள்ளைச் சப்பாத்து. வேட்டைப் பதிவுகளைச் சரிபார்த்து அனுப்பும் உயிரியல்காரர். பொதுவாக உறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போய்விடுவாராம். இந்தத் தடவையும் காபி வந்தது. சும்மா உறையைப் பிரித்தார். காபி ஆறியது.

கேப்டன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மொகுதூம் காபித் தட்டை எடுக்க வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"இதை எழுதியது நீங்களா?"

"ஆமாம் அம்மா. கையெழுத்து எப்படி?"

"அழகு. நூற்றுப் பதினேழாம் எண்ணுக்கு வருவோம். தொண்ணூற்றாறு அடி. இந்த ஜாதி அறுபது அடியைத் தாண்டுவதே அபூர்வம். இது என்ன?"

"வளர வேண்டிய பிள்ளை அம்மா. அதனால் கொஞ்சம் வளர்த்துவிட்டேன்."

கேப்டனின் முகம் தாடியின் நிறத்துக்கு வந்தது. இந்த ஆள் பைத்தியம், கப்பல் முழுக்க இவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், வாயைத் திறந்தால் பொய் என்றார். உடனே மூலப் பதிவேட்டை எடுத்து நீட்டினார். அதில் எல்லாம் ஒழுங்கு. முப்பத்தெட்டேகால். அம்மாள் இரண்டையும் அருகருகே வைத்தார்.

"இரண்டும் உங்கள் எழுத்து. எது பொய்?"

"இரண்டும்" என்றேன்.

"அப்படியானால் உண்மை எங்கே?"

இந்த நோட்டை மேசையில் வைத்தேன். ஜெசிந்தா என்னை மன்னிக்க வேண்டும், அவளுக்கு முன்னால் இன்னொருத்திக்குக் காட்டிவிட்டேன். அம்மாளுக்குத் தமிழ் ஓர் எழுத்து தெரியாது. எண்கள் தெரிந்தன. ஓரத்திலிருந்த எண்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். மற்றதெல்லாம் என்ன என்று கேட்டார்.

எழுதியதையெல்லாம் அடுப்படியில் நான் சொல்லக் கேட்டிருந்த மொகுதூம், தனக்குத் தெரிந்த கப்பல் இங்கிலீஷில் வாயைத் திறந்தார். "மேடம், நடுவுல உள்ளது முழுக்கப் பொய். பனிக்கட்டி வழி கேட்டுச்சாம். ஓரத்துல உள்ளது உண்மை. அது அவுக மருமவளுக்கு எழுதுனது. அந்தப் பிள்ளைக்கு அவுக பயப்படுவாக."

ஒரு கடலோடியின் மானத்தை இப்படியா கப்பலேற்றுவது?

அம்மாள் ஸ்டோருக்கு வந்தார். பல் சாக்கைத் தரையில் கொட்டச் சொன்னார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சீட்டையும் பல்லையும் என் நோட்டையும் ஒப்பிட்டுக்கொண்டே போனார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் ஒரு சீட்டு மிஞ்சியது. எண் 117. பல் இல்லை. அந்தச் சீட்டை அவர் மடிக்காமல் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான்கூட ஒரு பொய் சொல்லவில்லை. அது உலக சாதனை.

ஓரத்தில்: மேற்சொன்னது முழுவதும் உண்மை. இடம் போதாமல் நடுவில் எழுதினேன்.

மார்ச் 10

மகாராணியைத் துறைமுகத்திலேயே கட்டிப் போட்டுவிட்டார்கள், விசாரணை முடியும் வரை. கேப்டன் இரும்புப் பெட்டியைத் திறந்து என் கடல் புத்தகத்தை எடுத்தார்.

"அடுத்த பயணம் தலைமை ஸ்டோர்கீப்பர் என்று சொன்னேனே, மிஸ்டர் வாஸ். ஏன்?"

"நாடா சுருங்கிவிட்டது கேப்டன்."

அவர் எழுதினார். நான் வாங்கிப் படிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஓரத்தில்: படித்தேன். 'நம்பத்தகாதவர்.'

ஏப்ரல் 16, தூத்துக்குடி

பட்டணமே திரண்டு வரவேற்றது. யானை, பாண்டு வாத்தியம், பீரங்கி முழக்கம். மொகுதூம் காயலுக்குப் போகும் வழியில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வரை வந்து, புறப்படும்போது ஜெசிந்தாவைப் பார்த்து, "நீங்கதானா அந்தக் கோடு போட்ட பிள்ள?" என்று கேட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இதை எழுதி முடித்ததும் நோட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டி நிற்கிறாள்.

ஓரத்தில்: ஸ்டேஷனில் ஜெசிந்தா மட்டும்.

ஜூலை 9

மூன்று மாதமாக நோட்டு என் கையில் இல்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறேன், நேரமில்லை என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். இதற்குள் நான் ஏழு கம்பெனிகளில் ஏறி இறங்கிவிட்டேன். கடல் புத்தகத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். கயிற்றுக் கடை ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். முழம் போட்டு அளந்து கொடுக்கும் வேலை. முதலாளி என் பக்கத்திலேயே நிற்கிறார்.

போன மாதம் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடி, பத்து வருஷத்துக்குத் திமிங்கல வேட்டையே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகப் பேப்பரில் வந்தது. அந்த மாநாட்டைக் கூட்டியவன் நானே என்று தெருவில் நான் சொல்லிக்கொண்டிருப்பதாக ஒரு வதந்தி உலவுகிறது. உலவட்டும். இரண்டு வாரம் கழித்து லண்டனில் வேட்டை நாடுகளும் மற்றவர்களும் கூடிய கூட்டத்தில் அதை ஏற்கவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று நான் தெருப்பக்கம் போகவில்லை. கப்பல்களில் வேற்று நாட்டுப் பார்வையாளர்களை வைத்து அளவைப் பார்ப்பது என்று பேச்சு நடக்கிறதாம். நாடாவைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்களாம். என் கயிற்றுக்கடை முதலாளி மாதிரி.

இன்று மாலை ஜெசிந்தா நோட்டைக் கொண்டுவந்தாள். கையில் சிவப்புப் பென்சில். பனிக்கட்டி, சுறா, யானை, பீரங்கி, எத்தனை கோடு விழுந்திருக்குமோ! பக்கம் பக்கமாக, நடுவில் மட்டும் கண்ணை ஓட்டிப் புரட்டினேன். சுத்தம். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

"என்ன பிள்ள, மாமன் அவ்வளவு யோக்கியனா?"

"நடுவுல உள்ளதுக்கு நான் கோடு போடுறதா சொல்லவே இல்லயே. ஓரத்துலதான் பார்த்தேன். நூத்து நாப்பத்தோரு நம்பரு. ஒண்ணுகூடக் கொறையல." அவள் பென்சில் நுனியால் நோட்டைத் தட்டினாள். "மார்ச்சு மூணை எடுங்க."

எடுத்தேன். நோட்டு முழுவதிலும் ஒரே ஒரு சிவப்புக் கோடு. 'கை நடுங்கியது' என்பதன் கீழே, ஸ்கேல் வைத்து, நேராக.

"ஓரத்துல பொய் எழுதப்படாதுன்னு சொன்னேன்லா மாமா."

"வயசாச்சு பிள்ள. நடுங்காதா?"

"அந்தப் பக்கத்து எழுத்தைப் பாருங்க. ஒரு சுழி கோணல் இல்ல."

பென்சிலை என்னிடம் நீட்டிவிட்டு, டீச்சர் பிள்ளைகளின் முன்னால் நிற்பது போல இடுப்பில் கை வைத்து நின்றாள். திருத்தம் எழுதும் வரை நகரமாட்டாள் என்று தெரிந்தது. கண்ணில் மட்டும் அவளுக்கும் ஏதோ கரித்தூள்.

ஓரத்தில்: கை நடுங்கவில்லை.